பாதியில் சிக்கும் ஜிப்

வாலு கடையில் கொடுத்துவிட்டு வந்தது தப்பான பை.

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதால் அம்மா எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டி வைத்திருந்தாள். அதில் ஒன்றைத்தான் தெருமுனை செகண்ட்ஹேண்ட் கடைக்குக் கொடுக்க வேண்டும். சின்னதாகிப்போன கவுன்களும் ஒரு குடையும் இருந்த பை அது. வாலு தூக்கிக்கொண்டு போன பையில் இருந்ததோ அப்பாவின் கோட்டு.

அப்பா வெல்டர். கப்பல் கட்டுகிற ஊருக்குப் போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. அவர் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கை முழுக்கத் தீப்பொறி பட்ட ஓட்டைகள். தூங்கப் போகும்முன் வாலு அதன் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். உள்ளே ஒன்றும் இருக்காது. சும்மா நிற்பாள்.

பெயின்ட் காய்ந்து, ஆணி மட்டும் மொட்டையாக நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று அம்மா திட்டினாள். எல்லாப் பையும் ஒரே மாதிரி இருந்தால் குழந்தை என்ன செய்யும் என்று தன்னையும் திட்டிக்கொண்டாள். வாலு செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினாள்.

அங்கே துணி பிரிக்கும் அக்கா, வந்த துணிகளின் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வாலு கேட்ட கோட்டை அன்று காலையில்தான் தேய்த்து மாட்டினாளாம்.

"இப்போ அவர் கையில இருக்கு" என்று கண்ணாடிப் பக்கம் காட்டினாள். "ஒருத்தர் எடுத்துட்டா, அவங்களா திருப்பி மாட்டுற வரைக்கும் நாம கேக்கக்கூடாது. இங்க அதான் சட்டம். அவர் வேணாம்னு வெச்சுட்டா உன்னோடதுதான், எடுத்துக்கோ."

கண்ணாடி முன்னால் ஒல்லியாக ஒரு மனிதர் கோட்டைப் போட்டு நின்றிருந்தார். அப்பாவின் தோள் இருந்த இடத்தில் வேறு தோள்.

நாளையிலிருந்து மீன் கிடங்கில் ஐஸ் உடைக்கிற வேலை என்று அவர் அக்காவிடம் சொன்னார். உள்ளே போனால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கோட்டை அவரவரே கொண்டுவர வேண்டுமாம்.

ஜிப்பை இழுத்தார். பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். அசையவில்லை.

"போச்சு. இது வேலைக்கு ஆகாது" என்று கழற்றத் தொடங்கினார்.

ஜிப் கெட்டுப்போகவில்லை. அது வாலுவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

கோட்டுக்குள் இருந்து அவர் ஒரு கையை உருவினார். சட்டை முழங்கையில் நூல்நூலாகக் கிழிந்து தோல் தெரிந்தது. அந்தச் சட்டையோடுதான் நாளைக்கு ஐஸுக்குள் போவார்.

"மாமா, அது கழுதை மாதிரி" என்றாள் வாலு. "கொஞ்சம் பின்னால போனாத்தான் முன்னால வரும்."

அவர் விழித்தார். கையைத் திரும்ப உள்ளே விடச் சொன்னாள். கீழ்நுனியைப் பிடித்துக்கொண்டாள். ஜிப்பைக் கொஞ்சம் இறக்கி, பிறகு இழுத்தாள். அப்பா தினமும் அப்படித்தான் செய்வார். ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறியது.

"அட, உனக்கெப்படித் தெரியும்?"

வாலு, "ஒரே ஒரு தடவை பாக்கெட்ல கை விட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அசையாமல் நின்றார். கையை விட்டாள். இத்தனை நாளும் சில்லென்று இருந்த பாக்கெட் இன்று கதகதப்பாக இருந்தது.

துணி பிரிக்கும் அக்கா ஊசியைக் கையில் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். அம்மா முந்திக்கொண்டு நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு வாலுவிடம் போனைக் கொடுத்தாள். அப்பா, ஜிப் மேலே ஏறியதா என்று மட்டும் கேட்டார். ஏறியது என்றாள்.

"சரிதான். அப்போ நான் வந்தா குளிருக்கு எதைப் போட்டுக்கிறதாம்?"

வாலு கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைப் பார்த்தாள்.

"நீங்க மொதல்ல வாங்கப்பா" என்றாள்.