நேர்வெட்டு

செவ்வாயின் பாறைக் கூடங்களில் காலையில் கண் விழித்தவர்கள் முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். சுவர் அதிர்ந்தால் காற்று வருகிறது என்று பொருள். அப்புறம்தான் பல் துலக்குவது.

அந்தச் சுவர்களில் அறிவிப்பு செதுக்குகிறவள் அபரஞ்சி. ‘நேர்வெட்டு’ என்ற எழுத்துருவை உண்டாக்கியவளும் அவளே. வளைந்த எழுத்தில் செந்தூசி அடைத்துக்கொள்ளும். நேராக வெட்டிய பள்ளத்தைக் காற்றே ஊதிச் சுத்தம் செய்துவிடும். ஆகவே நேர்வெட்டில் வளைவு, சுழி எதுவும் கிடையாது, எல்லாம் கோணம். ட, ப இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்டன. ஞ-வை மடக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. ஆபத்து அறிவிப்புக்கு மட்டுமே நேர்வெட்டு என்று சட்டமும் போட்டார்கள்.

சட்டம் பதினொரு நாள் உயிரோடிருந்தது. பன்னிரண்டாம் நாள் தலைவர் மாசிலாமணிக்குப் பிறந்தநாள். “எழுத்து கம்பீரமா இருக்கேம்மா” என்றார். பிறகு காதுகுத்து, மாவுக் கடை, புடவைக் கரை. இரண்டே ஆண்டில் நேர்வெட்டு இல்லாத சுவரே இல்லை.

அப்போதுதான் நான்காம் கூடத்துக் கூரையில் விரிசல் விட்டிருப்பதைக் காவல் இயந்திரன் கண்டுபிடித்தது. ஒலிபெருக்கிகள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தன. அபரஞ்சி ஆளுயர எழுத்தில் செதுக்கினாள்: ‘கூரை நாளை மாலை பிளக்கும். எல்லாரும் உடனே வெளியேறவும்.’

கூட்டம் திரண்டது. எழுத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டது. ஒருவரும் மூட்டை கட்டவில்லை. மறுநாள் மதியம் அவள் அந்தக் கூடத்தில் குடியிருந்த அண்ணன் சேந்தன் வீட்டுக்கு ஓடினாள்.

“அண்ணே, செவுத்துல அறிவிப்பு பாத்தியா?”

“பாக்காம? ஊருக்கெல்லாம் படம் அனுப்பினதே நாந்தான்.”

“என்ன எழுதியிருந்துச்சு, சொல்லு.”

சேந்தன் யோசித்தான். “ஞ போடலையே நீ. அதான் எனக்குக் கொஞ்சம் ஏமாத்தம்.”

“கூரை பிளக்கப்போகுதுண்ணே! அண்ணியக் கூட்டிட்டுக் கிளம்பு!”

“போன வாரம் கடைக்காரன் இதே எழுத்துல ‘பிரியாணி தீரப்போகிறது’ன்னு போட்டிருந்தான். ராத்திரி வரைக்கும் தீரலையே. உக்காரு, காப்பி குடி.”

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அழுது பார்த்தாள். தலைவர் சொன்னால் கேட்பான் என்று ஐந்தாம் கூடத்துக்கு ஓடினாள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, காற்று கசியாதபடி இரண்டு கூடங்களுக்கும் நடுவிலிருந்த இடைக்கதவு தானாக மூடிக்கொண்டது. கூரை சொன்ன நேரம் தவறவில்லை. நானூற்றுப் பதினாறு பேர்.

அடுத்த வாரம் இயந்திரன் ஐந்தாம் கூடத்துக் கூரையிலும் விரிசல் கண்டது. அபரஞ்சி அந்த எச்சரிக்கையையும் சுவரில் செதுக்கினாள். மாசிலாமணி கண்ணைத் துடைத்தபடி வந்து நினைவுப் பலகை கேட்டார்.

“எங்க மாட்டுறது, தலைவரே?”

“புதுசா ஒண்ணு வெட்டியிருக்கியே, அது மேலயே மாட்டும்மா. எல்லாரும் நின்னு பாக்கிற இடம்.”

“அதுல என்ன இருக்குன்னு படிச்சீங்களா?”

“பாத்தேம்மா. பிரமாதம்!”

மறுநாள் காலை எல்லாரும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பல் துலக்கிவிட்டு, பலகையைப் பார்க்க வந்தார்கள். ‘கண்ணீர் அஞ்சலி.’ கீழே நானூற்றுப் பதினாறு பெயர்கள், முதலில் சேந்தன். வந்தவர்கள் விம்மினார்கள், படம் எடுத்தார்கள்.

ஞ மிக நன்றாக வந்திருப்பதாக எல்லாரும் சொன்னார்கள்.