வெள்ளை ஏரியில் மரம் இல்லை

தேன்குருவி அன்று மாலை தவறான திசையிலிருந்து கூப்பிட்டது. தேன்பொந்துகளுள்ள பருத்த ஆனைப்புளி மரங்கள் நிற்கும் கிழக்கு மேட்டிலிருந்து அல்ல. மழை ஓய்ந்து, கடைசிச் சேறும் காய்ந்து, அடிவானம் வரை உப்பாக வெளுத்துக் கிடந்த ஏயாசி ஏரியின் நடுவிலிருந்து. அங்கே புல்லும் முளைக்காது. மரமில்லாத இடத்தில் பொந்தில்லை. பொந்தில்லாத இடத்தில் தேனில்லை. தேனில்லாத இடத்துக்கு அந்தக் குருவி மனிதரை அழைத்ததில்லை. ஆனைப்புளிப் பழத்தைக் கல்லால் உடைத்துக்கொண்டிருந்த அபேயாவின் கை நின்றது.

பிறகு குருவிக்கு ஒரு சீழ்க்கை பதில் சொன்னது. நீளமாக ஏறி, முடிவில் உடைந்து இறங்கும் சீழ்க்கை. முன்பல் போனவனின் சீழ்க்கை. அவள் அண்ணன் மோஷி உயிரோடிருந்தவரை அப்படித்தான் குருவியை அழைப்பான்.

"கேட்டியா?" என்றாள் கணவனிடம்.

அம்புக்கு இறகு கட்டிக்கொண்டிருந்த ஷகுவா நிமிரவில்லை. "காத்து."

"காத்துக்கு முன்பல் விழுந்துருச்சா?"

அவன் நரம்புக்கயிற்றை அவிழ்த்து, அதே இறகை மறுபடி கட்டத் தொடங்கினான்.

வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழும் ஹட்சா மக்கள் சாவு விழுந்த இடத்தில் குடியிருப்பதில்லை. புதைத்ததும் குடிசைகளை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இந்த முறை, மோஷியைப் புதைத்த பின்னும், எவரும் கிளம்பவில்லை. மேலே வெங்காயத் தோட்டங்கள் இயந்திரம் வைத்து இறைத்ததில் ஊற்று செத்துப்போயிருந்தது. வெயில் ஏறினால் வெங்காய நாற்றம் மட்டும் இறங்கி வரும். தண்ணீர், பஸ்காலியின் வண்டியில் மஞ்சள் கேன்களில் வந்தது. வேட்டை பார்க்க வெளிநாட்டாரை அழைத்துவரும் அவனுடைய வண்டித்தடம் இந்தக் குடியிருப்போடு முடிந்தது. தடத்தை விட்டு விலகினால் தண்ணீர் இல்லை.

தேனெடுத்தபின், குருவி தின்னும் மெழுகை அதற்குக் கிடைக்காமல் மறைத்துவிடுவது அவர்கள் வழக்கம். பசித்த குருவிதான் மறுபடியும் வழிகாட்டும். பஸ்காலி அதை அருகிலிருந்து பல வருடம் பார்த்தவன். கற்றுக்கொண்டுவிட்டான். கேன்கள் ஒருநாளும் போதுமானவையாக இருந்ததில்லை.

மோஷி செத்ததும் அவனால்தான். ஆனைப்புளியில் ஏறுகிறவன் பச்சை முளைக்குச்சிகளை வெட்டி, ஒன்றை மரத்தில் அடித்து, காலால் அழுத்திப் பார்த்து, அதன் மேல் நின்று அடுத்ததை அடிப்பான். அதற்கு நேரமாகும். "வந்தவங்க காத்திருக்க மாட்டாங்க, போன வருஷத்து முளையே போதும்" என்றான் பஸ்காலி. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒன்று ஒடிந்தது. மோஷியின் வாயில் மண் ஒட்டியிருந்தபோதே, வந்தவர்களைத் தடத்தில் பின்னாலிருந்த வேறொரு குடியிருப்புக்கு ஓட்டிச் சென்றான்.

அந்த வண்டிதான் இப்போது வந்து நின்றது. ஒரே ஒரு கேன் இறங்கியது.

"நாளைக்குக் காலைல ஆளுங்க வர்றாங்க" என்றான் பஸ்காலி. "தேனெடுக்கிறதக் காட்டணும். ஷகுவா ஏறட்டும்."

"அவன் ஏறமாட்டான். நாங்க கெளம்புறோம்" என்றாள் அபேயா.

"எங்க, வெங்காயத்துக்குள்ளயா?" சிரித்தான். "கோவத்த விடு தங்கச்சி."

"தங்கச்சின்னு கூப்பிடாத. அப்படிக் கூப்பிட்டவன் அந்த மேட்டுல கெடக்கான்."

"சரி, கூப்பிடல. நாளைக்கு மூணு கேன் வேணுமா, ஒண்ணும் வேணாமா? அத மட்டும் சொல்லு."

ஷகுவா எழுந்து, முளை வெட்டக் கோடரியை எடுத்தான். அவளுடைய சின்ன மகள் கேனின் மூடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது குருவி வந்தது. வண்டியைச் சுற்றிச் சிறகடித்துக் கூப்பிட்டது. ஏரிப் பக்கம் பறந்தது. திரும்பி வந்து மறுபடி கூப்பிட்டது.

"பாரு, இதுக்காவது எம்மேல பாசம் இருக்கு" என்று கண்மேல் கை வைத்துப் பார்த்தான் பஸ்காலி. "அது என்ன மரம்? இத்தன நாள் பாக்கலியே."

அபேயாவும் பார்த்தாள். கானல் நெளியும் வெண்மைக்கு நடுவே பருத்துக் கறுத்த ஓர் அடிமரம் நின்றது. நேற்று இல்லை. அவள் பிறந்ததிலிருந்து இல்லை. 'அங்கே மரமில்லை' என்ற சொல் நாக்கு வரை வந்தது.

மகள் மூடியைத் திருப்பி மறுபக்கத்தை நக்கினாள்.

"வண்டி போகுமா?" என்றான் அவன்.

"உப்பு தாங்காது" என்றாள் அபேயா. "நடந்து போ."

அவன் போனான். காலணிக்கடியில் உப்புப் பொருக்கு நொறுங்கும் ஓசை வெகுநேரம் கேட்டது. காற்று திரும்பியது. வெங்காய நாற்றம் விலகி, தேன் மணம் வந்தது. இளஞ்சூடான, தொண்டையை அடைக்கும் மணம். அதற்கடியில், புதிதாய்த் தோண்டிய மண்ணின் வாடை. ஷகுவாவின் கையிலிருந்து கோடரி நழுவியது.

டொக்.

முளை அடிக்கும் ஓசை.

டொக். டொக்.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. காலால் அழுத்திப் பார்க்கும் இடைவெளி. மோஷிக்கு அவசரமில்லை.

அவள் ஏரியின் விளிம்புக்கு ஓடினாள். வெயில் இன்னும் இருந்தது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பஸ்காலியின் காலடித் தடங்கள் நேராகப் போயின. நின்றன.

அங்கே மரமில்லை.

வெறும் காற்றில் முளைகள் இருந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக, வானத்தை நோக்கி. கீழே இருந்தவை நரைத்தவை. போன வருடத்தவை. மேலே, எறும்பளவுக்குச் சிறுத்து, இல்லாத மரத்தை இரு கைகளாலும் கட்டிக்கொண்டு, பஸ்காலி.

"தங்கச்சி" என்று மேலிருந்து அவன் குரல் மெல்லக் கேட்டது.

அடிமுளை ஒடிந்து உப்பில் விழுந்தது. பிறகு அதற்கு மேலுள்ளது. அவன் ஒரு படி ஏறினான். அவன் தலைக்கு மேல், ஒருவரும் இல்லாத இடத்தில், டொக், அடுத்த முளை வந்து நின்றது. பச்சை முளை. அவன் ஏறினான். கீழே இன்னொன்று ஒடிந்தது.

உடைந்த சீழ்க்கை ஒலித்தது. இந்தமுறை கிட்டத்தில்.

குருவி தாழப் பறந்து வந்து, கோடரியின் அருகே நின்ற ஷகுவாவின் முன்னால் அமர்ந்தது. வாயைத் திறந்தது. மெழுகை மறைத்து மறைத்து அவர்கள் வைத்த பசி அதனிடம் அப்படியே இருந்தது.

கூப்பிட்டது.