முப்பத்தொன்பதாம் வருஷத்து ரூபாய்

மாலை ஆறேகால் டிரிப்பில், செவிலிமேட்டுக்குப் போகும் டவுன் பஸ்ஸில், ஒரு தலை அதிகமாக இருந்தது.

மாணிக்கவேல் பதினேழு வருஷமாகக் கண்டக்டர். பின்படியில் நின்று ஒரு தடவை கண்ணை ஓட்டினால் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். டிக்கெட் மிஷின் இருபத்தேழு என்றது. அவன் எண்ணினால் இருபத்தெட்டு வந்தது. முன்பக்கம் போய் நின்று எண்ணினான். அங்கிருந்தும் இருபத்தெட்டுதான்.

“யாரும்மா டிக்கெட் வாங்காதது? காசா கேக்குறேன்? உங்களுக்கு ஃப்ரீதானே, சும்மா வாங்கிக்குங்க.”

ஒவ்வொருவராகக் கையில் இருந்த சீட்டைக் காட்டினார்கள். ஒருவர் பாக்கியில்லை. ஜன்னல் வழியாக மழைக்கு முந்திய ஈரக்காற்று வந்தது. அதோடு சேர்ந்து, தறியில் பாவு நூலுக்குப் போட்டு மீந்துபோய் மூன்று நாள் சட்டியிலேயே கிடந்த கஞ்சியின் புளித்த வாடையும் வந்தது. நெசவுக்காரர் ஊரில் அது புதிதில்லை. ஆனால் பஸ் பாலாற்றுப் பக்கம் திரும்பி, தறி உள்ள தெருக்களெல்லாம் பின்னால் போன பிறகும் வாடை போகவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். படியோரம் நின்று எண்ணினான். இருபத்தேழு.

டிரைவர் தர்மன் இன்ஜினை அணைத்துவிட்டு, தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். “அந்தம்மாவையும் எறங்கச் சொல்லுபா. ஷெட்டுக்குப் போவணும்.”

“எந்தம்மா?”

தர்மன் திரும்பிப் பார்த்தார். காலி சீட்டுகள். “எறங்கிட்டாங்க போல,” என்றார்.

மாணிக்கவேலின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. டிக்கெட் காகிதத்தில் சுருட்டி வைத்திருந்த காசு அங்கேயே இருந்தது.

அதை அன்று மதியம், ஷிஃப்டுக்கு முன்னால், பிள்ளையார்பாளையத்தில் நமச்சிவாயத்தின் கடையில் எடுத்திருந்தான். பழைய பித்தளை, தபால்தலை, காசு எல்லாம் விற்கிற சின்னக் கடை. காசு சேர்ப்பது மாணிக்கவேலின் பைத்தியம். வியாபாரிகள் கவனிக்காமல் மலிவு டப்பாவில் போட்டுவைத்த நல்ல காசைக் கண்டுபிடித்து எடுப்பதில் அவனுக்கு ஊரில் ஒரு பெயரே உண்டு. அதில் தப்பில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். கடைக்காரனுக்குக் கண் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. பார்க்காதது அவன் பாடு.

ஆனால் நமச்சிவாயத்துக்குக் கண் தெரியாது. கண்ணில் புரை என்று சொல்லி, ஒன்பது வருஷமாகப் பச்சைக் கண்ணாடிதான். “நீயே தேடி எடுத்துக்கோபா. உன்னத் தவிர வேற யார் கையிலயும் டப்பாவ நம்பிக் குடுக்குறதில்ல,” என்று சொல்லி டீ வாங்கித் தந்தார். டப்பாவின் அடியில் ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய்கள் கிடந்தன. எல்லாம் எங்கும் கிடைக்கிற வருஷங்கள். ஒன்று மட்டும் 1939. ஆயுசில் ஒருமுறை கையில் படுமா என்று அவன் கனவு கண்ட காசு. ஒன்றும் இல்லாததுபோல் டீயை எடுத்துக் குடித்தான்.

பெரியவர் காசை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தடவினார்.

“என்ன வருஷம்பா?”

“முப்பத்தெட்டுங்க, ஐயா.”

அவ்வளவுதான். வெள்ளி விலைக்குக் கொடுத்தார். அதிலும் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி துர்காதேவி அடுப்படியிலிருந்து கேட்டாள். “கூட யாரு வந்தது?”

“யாருமில்ல.”

“ரெண்டு பேர் நடக்குற சத்தம் கேட்டுது.”

அறைக்குள் போய் லென்ஸை எடுத்தான். போலியில்லை. சுத்தமான முப்பத்தொன்பது. காசுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட ஒரு படம் எடுத்தான். ‘எங்க புடிச்சேன் சொல்லுங்க பாப்போம்’ என்று எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான், அழித்தான். யாராவது கேட்டால் என்ன சொல்வது? கண் தெரியாதவரிடம் பொய் சொல்லி எடுத்தேன் என்றா? காது மடல் இரண்டும் சுட்டன. துர்காதேவி உள்ளே வந்தபோது, திருட்டுப்பொருளை மறைப்பவன்போல், காசைப் பீரோவில் சட்டைகளுக்கு அடியில் தள்ளினான்.

அறை முழுக்கப் புளித்த கஞ்சி வாடை அடித்தது. “எலி ஏதாவது செத்துக் கிடக்குதான்னு பாருங்க,” என்றாள் அவள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவனுக்கு இடதுபக்கம், ஒரு முழ தூரத்தில், யாரோ மெதுவாகத் தரையில் சம்மணமிடுகிற சத்தம் கேட்டது. துணி உரசல். முழங்கால் எலும்பு நெறிபடும் ஒலி. ஒரு நீண்ட பெருமூச்சு. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டு எழுந்தான். தெரிந்தவர் எதிரே வந்தால் தலைகுனிந்து நடக்கிற கடன்காரனின் கூச்சமா, பயமா, அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் லீவு சொன்னான். பதினோரு மணிக்கு நமச்சிவாயத்தின் கடை வாசலில் நின்றான். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்தான். உள்ளே ஏறியதும் எல்லாம் மறந்துவிட்டது.

பெரியவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடி இல்லை. கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். இவன் நிழல் விழுந்ததும் விரல் நின்றது.

“ஐயா.” மாணிக்கவேல் காசை மேஜையில் வைத்தான். “இது முப்பத்தொம்பது. நான் பொய் சொல்லிட்டேன். வெச்சுக்குங்க.”

“தெரியும்பா.”

அவர் காசைத் தொடவில்லை. நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“அது குடுத்தா போவாதுபா. கோயில் உண்டியல்ல போட்டேன், காலைல டப்பாவுல கிடந்துது. தெரிஞ்சே ஒருத்தன் ஏமாத்தி எடுத்துக்கினு போனாதான் போவும். நானும் அப்படித்தான் எடுத்தேன். கூரம் கிராமத்துல ஒரு வீடு. புருஷன் செத்து பதினாறு நாள்கூட ஆவல. அந்தம்மா பெட்டியத் தொறந்து குடுத்துட்டு, இது எந்த வருஷம்னு கேட்டாங்க.” நிறுத்தினார். “நீ சொன்னதத்தான் நானும் சொன்னேன்.”

“கூட வர்றது அவங்கதானா?”

“தெரியாது. முகத்தப் பாத்ததில்ல. பாக்கக் கூடாதுன்னுதான் கண்ணு.”

“கண்ணு புரைன்னு சொன்னீங்களே?”

“கண்ணுக்கு ஒண்ணுமில்ல. மூடிக்கினே இருந்தேன். ஒன்பது வருஷம்.”

தெருவில் எங்கோ ஒரு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவரின் கண்கள் ஈரமாக இருந்தன. பேச்சு முழுக்க அவை மாணிக்கவேலின் சட்டைப் பொத்தானிலேயே நின்றன. ஒரு தடவைகூட அவன் தோளுக்கு மேலே ஏறவில்லை.

“உனக்கு முன்னாடி ரெண்டு பேரு அந்தக் காசக் கையில எடுத்தாங்க. ரெண்டு பேரும் உண்மையச் சொல்லிட்டாங்க. நீ வந்தப்ப, இவனாவது நல்லவனா இருந்துடக் கூடாதுன்னு வேண்டிக்கினேன். எனக்கு வெக்கமா இருக்குதுபா.” குரல் தாழ்ந்தது. “எடுத்துக்கினு போ. அதக் கடைக்குள்ள நிக்க வெக்காத. முகத்த மட்டும் பாத்துடாத.”

ரெண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைதான் வழியெல்லாம் அவன் காதில் கிடந்தது. பேயைவிட அது அதிகம் குத்தியது. காசை எங்கேயாவது வீசிவிடலாம் என்று பாலாற்றுப் பாலம் வரை போனான். வீசவும் செய்தான். காசு வெயிலில் மின்னி மணலில் விழுந்தது. வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது சட்டைப் பை கனத்தது. தொட்டுப் பார்க்கவில்லை.

மதியம் ஒன்றரை மணி. நல்ல வெயில். கதவு திறந்தே இருந்தது. வாசலிலேயே வாடை.

கூடத்தில் மூன்று தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் வாசற்படியிலேயே கண்களை இறுக மூடிக்கொண்டான். சுவரைத் தடவித் தடவி உள்ளே வந்தான். தெரிந்த வீடு. தன் இடத்தில் உட்கார்ந்தான். இடதுபக்கம் துணி உரசியது. முழங்கால் நெறிந்தது.

“பெரியம்மா, இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டா?” துர்காதேவியின் குரல். விருந்தாளியிடம் பேசும் அதே மரியாதைக் குரல்.

கரண்டி தட்டில் தட்டியது. மெல்லும் சத்தம். நிதானமாக. ஈரமாக.

“துர்கா,” என்றான். “எழுந்து வெளிய போ.”

“ஏங்க அப்படிச் சொல்றீங்க? பாவம், எவ்ளோ வருஷமா ஒருத்தரும் நிமிந்து பாக்கலயாம். அதத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க.”

“நீ பாக்காத.”

“பாத்துட்டேனே. காலைல, நீங்க போனதும்.” அவள் சிரித்ததுபோல் இருந்தது. “மொதல்ல எனக்கும் பயந்தான். கொஞ்ச நேரந்தான் அது.”

மெல்லும் சத்தம் நின்றது.

கஞ்சி வாடை முகத்தருகே வந்தது. மூச்சு படவில்லை. வாடை மட்டும்.

அவன் இமைகளை இன்னும் இறுக்கினான். பல்லைக் கடித்தான். கை இரண்டையும் முகத்துக்குக் கொண்டுபோகப் பார்த்தான். மடியிலிருந்து அவை எழவில்லை.

இடது இமையில் ஒரு விரல் பட்டது. சில்லென்று. பிசுபிசுப்பாக.

வலது இமையில் இன்னொரு விரல். அது சுடச்சுட இருந்தது. சாம்பார் மணத்தது. அதற்குப் பின்னால் துர்காதேவியின் வளையல் சத்தம்.

இரண்டு விரல்களும் சேர்ந்து மேலே தள்ளின. வெளிச்சம் கோடாக உள்ளே வந்தது.