இரண்டு ஃபிலிம்

காலை பதினொரு மணிக்குக் காண்ட்ராக்டரின் கார் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கும்போதே எரிந்து விழுந்தார்.

"என்னய்யா ஒட்டுன? டிரைவர் பக்கம் குமிழ் குமிழா நிக்குது. சரி பண்ணு."

கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது என் பிழைப்பு. போன மாதம் இந்த வண்டிக்கு ஒட்டியவனும் நான்தான். ஒன்று போதாது, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒட்டு என்று ஒற்றைக்காலில் நின்றார். இரண்டு ஒட்டினால் பொழுது சாய்ந்தபின் சைடு மிரர் தெரியாது. அது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு ஒட்டித் தொலைத்தேன்.

டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே அந்திநேரம் போல் மங்கிக் கிடந்தது. ஃபிலிமுக்கு அடியில் ஐந்து விரல்களும் ஓர் உள்ளங்கையுமாகக் காற்று உப்பியிருந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ரப்பர் கட்டையால் அழுத்தித் தள்ளினேன். மறைந்தது.

மறுபடி உப்பியது.

டொக்.

கதவின் அடியில், தரையில் கிடப்பவரின் கை எட்டும் உயரத்தில்.

"சார், நீங்களா?"

டொக். டொக்.

கண்ணாடியை இறக்கினேன். யாரும் இல்லை. காண்ட்ராக்டர் எதிர்ச் சுவரோரம் போன் பேசிக்கொண்டிருந்தார். ரத்த வாடை குப்பென்று முகத்தில் அடித்தது.

இறங்கி அவரிடம் ஓடினேன்.

"யார் மேலயாவது இடிச்சீங்களா?"

"மெதுவாப் பேசு." குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொம்பள. போன வாரம் ஒரு சாயங்காலம் சைக்கிள்ல பக்கத்துல வந்திருக்கா. திரும்புறப்ப மிரர்ல ஒண்ணும் தெரியலப்பா. மறுநாள்தான் செத்துட்டான்னு கேள்விப்பட்டேன்."

"நிறுத்தவே இல்லையா?"

"எதுக்கு? உள்ள யாருன்னு ஒருத்தனுக்கும் தெரியாதே."

இப்படியும் ஒரு ஜென்மமா! பிளேடை எடுத்து ஒவ்வொரு கதவாகக் கீறி, ஃபிலிமை உரித்தெறிந்தேன். சட்டையைப் பிடித்து இழுத்தார். உதறினேன்.

"இனி ஒட்ட மாட்டேன். போலீஸ்ல நானே போய்ச் சொல்றேன்."

"தாராளமா சொல்லு. ரெண்டா ஒட்டிக் குடுத்தது யாருன்னும் சேத்துச் சொல்லு."

பிளேடைப் பைக்குள் போட்டேன்.

வேறு கடை பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வண்டியைக் கிளப்பினார். வெறும் கண்ணாடியில் இப்போது உள்ளே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

பின்சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நெற்றி பிளந்திருந்தது.

வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.