இஸ்பேடு ராஜாவுக்குக் கிளி சொன்னது

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் அன்று காலையும் ஆட்கள் பல் துலக்கிவிட்டு, மூச்சுக் காற்று வாங்கக் குப்பியுடன் வரிசையில் நின்றார்கள். மேல்தளத்துக்குக் காற்று குழாயில் வரும். பனிக்கட்டி வெட்டும் கீழ்த்தளத்துக்குக் குப்பிதான். போன மாதம் அந்தப் பங்கும் குறைந்தது. பூங்காவனத்தின் புருஷன் மாசி, பனிக்கட்டி வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்தான்.

கூட்டம் போட்டால் சிறை. கலையை மட்டும் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதால் அதற்குத் தடை இல்லை. பூங்காவனம் கண்காட்சிக் கூடத்தில் ஒரு கூண்டு வைத்தாள். உள்ளே இயந்திரக் கிளி, எதிரே சீட்டுக்கட்டு. இஸ்பேடு ராஜாவுக்கு நிர்வாகத் தலைவர் ஆதிநாதனின் முகம். ஜோக்கர்களுக்கு அமைச்சர்களின் முகம். கிளி ஒரு சீட்டை இழுக்கும். அவள் பின்பக்கத்தை உரக்க வாசிப்பாள்.

"இந்த ராஜாகிட்ட காத்து கேட்டா கமிட்டி கொடுப்பாரு!"

சனங்களுக்குக் கோபம் வரும் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்துக் கையை நீட்டினார்கள்.

"எம்பொண்ணுக்கு எப்பக்கா வரன் அமையும்?"

"அடப்பாவி, இது அரசியல் நையாண்டிடா!"

"இருக்கட்டும்க்கா. கிளி என்ன சொல்லுது?"

ஒருநாள் ஆதிநாதனே காவலர்களுடன் வந்து நின்றார். "செத்தோம் புள்ள" என்றான் மாசி. தலைவர் சீட்டில் தன் முகத்தைப் பார்த்தார். காவலர்களை வெளியே அனுப்பினார். பிறகு குனிந்து, "ஏம்மா, தேர்தல்ல ஜெயிப்பேனா?" என்றார்.

கிளி ஏதோ ஒரு ஜோக்கரை இழுத்தது. பூங்காவனம் அதில் இல்லாததை வாசித்தாள்: "கீழ்த்தளத்து மூச்சு ராஜாவைச் சுடுது. அதைத் தீர்க்காம நாற்காலி நிக்காது."

சாயங்காலமே கீழ்த்தளத்துக்குக் குழாய் இறங்கியது. மாசி நெஞ்சு நிறைய இழுத்து விட்டு, "காத்துக்கு இம்புட்டு ருசியா!" என்றான்.

மறுநாள் வந்தவர் ஜெரால்டு. குடியிருப்பின் சகலத்தையும் கணக்கிடும் கணிமூளைத் துறைக்கு அவர்தான் தலைவர்.

"அம்மா, கூரைக் கவசத்துல விரிசல். சீக்கிரம் பிளந்துரும்னு கணிமூளை கத்துது."

"அறிக்கை கொடுக்கலியா சார்?"

"கொடுத்துக்கிட்டேதான் இருக்கோம். படிச்சாத்தானே? நீங்க ஒரு சீட்டுல எழுதிருங்களேன்."

எழுதினாள். ஜெரால்டு நகரவில்லை.

"இன்னும் என்ன சார்?"

கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை இழு என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்தக் கிளியின் மூளையைத் தன் கையாலேயே செய்து கொடுத்தவர் அவர். இருபுறமும் பார்த்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினார்.

"பூமிக்கு எனக்கு எப்ப மாற்றல் வரும்னு மட்டும்..."