நைனா, ரா

சாமான் ஏற்றிய டாடா ஏஸ், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உள்ரோட்டில் திரும்பி நின்றபோது மெர்சி முதலில் பார்த்தது வீட்டை அல்ல, நாயைத்தான். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வார்ப்படக் கம்பெனி. மூடிப் பல காலம் ஆகியிருக்க வேண்டும். கேட்டெல்லாம் துரு, சுவரில் அரசங்கன்று, உள்ளே ஆள் உயரத்துக்குப் புதர். அந்தக் கேட்டுக்கு முன்னால் செம்பட்டை நிறத்தில் ஒரு நாய், யாரோ சம்பளம் கொடுத்து உட்காரவைத்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

“நல்ல ஊடு பார்த்தபா நீ,” என்றாள் அவள், கட்டிலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த கணவன் அன்புவிடம். “எதிர்ல பேய் பங்களா. வாசல்ல லாரி.”

“கம்பெனிக்கு நடந்தே போலாம். பஸ்ஸுக்கு நிக்கற பேஜாரு இல்ல. அத்தப் பாரு,” என்றான் அன்பு. அவனுக்கு இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை. மாதத்தில் பாதி நாள் சாயங்காலம் போனால் காலையில்தான் வருவான்.

இரண்டாம் நாளே அந்த நாய் ரோட்டைத் தாண்டி வந்து சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றது. மெர்சி மீன் குழம்புச் சோற்றைப் போட்டாள். தின்றுவிட்டு, கூலிக்குக் காவல் என்பதுபோல வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டது. கலர் சோடா நிறத்தில் இருந்ததால் அன்பு அதற்குச் சோடா என்று பெயர் வைத்தான். கல்யாணமாகி நாலு வருஷமாக எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சோடா எதையும் கேட்கவில்லை. அன்பு இல்லாத இரவுகளில் அது மூச்சுவிடும் சத்தம் கதவிடுக்கில் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும் என்று ஆகிவிட்டது.

ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், அதற்குக் காது செத்துவிடும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் எழுந்து, சோம்பல் முறித்து, ரோட்டைக் கடந்து அந்தக் கேட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரம்தான் கன்டெய்னர் லாரிகளும் டிப்பர்களும் ஹைவேயைப் பிடிக்க எமன் விரட்டுவதுபோல் பறக்கும். கறுப்பு நாய்க்குட்டி ஒன்று அப்படித்தான் ஒரு மாலை தாரோடு தாராகிப் போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். சோடாவுக்கும் அந்தக் கதி வராமல் காப்பாற்ற வேண்டுமானால் ஒரே வழி, கூப்பிட்டால் திரும்பி வர அதைப் பழக்குவது.

மெர்சி விடாப்பிடிக்காரி. கடையில் பொறை ரொட்டி வாங்கிவந்து, கொல்லையில் ஒரு கயிற்றைக் கட்டி, “சோடா, வா” என்று கூப்பிட்டு, வந்தால் ஒரு துண்டு கொடுத்தாள். அப்புறம் கயிறில்லாமல் கூப்பிட்டாள். அப்புறம் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கூப்பிட்டாள். கொல்லையில் நாய் வகுப்பிலேயே முதல் மாணவன். சாயங்காலம் கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டால், உன்னை எனக்கு முன்பின் தெரியாது என்பதுபோல் பார்க்கும்.

“உன்னாட்டமே திமிரு,” என்றான் அன்பு.

கம்பெனிச் சுவரை ஒட்டி டீக்கடை வைத்திருந்த ராஜமாணிக்கம் இந்தக் கூத்தைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மெர்சி பொறை வாங்க வந்தபோது சிரித்துவிட்டார்.

“நீ தமிழ்ல கூப்ட்டுக்கினு இருந்தா அது எங்கம்மா வரும்? அது தெலுங்கு நாய்.”

“இன்னாண்ணா சொல்ற?”

“இந்தக் கம்பெனி வாட்ச்மேன் பெஞ்சலய்யா வளர்த்தது. ஆந்திரா, தடா பக்கத்து ஆளு. சாயங்காலம் அவரு பொண்ணு கேரியர்ல சோறு எடுத்துக்கினு வரும். இதோ இப்ப உன் ஊடு இருக்குற பக்கமா நின்னுக்கினு, ‘நைனா, ரா’ன்னு ஒரு கொரல் வுடும். ரான்னா வான்னு அர்த்தம். ரோட்டைத் தாண்டி நாய் போவும் பாரு, அவ்ளோ குஷி. நைனான்னு கொஞ்சிக் கூப்ட்டாதான் அதுக்குப் புடிக்கும் போல.”

நைனா என்று அந்தப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் யாரையும் கூப்பிடுவார்கள். கடன்காரனும் நைனா, கண்டக்டரும் நைனா. நாய் நைனாவாக இருந்தால் என்ன குறை?

“அந்த வாட்ச்மேன் இப்ப எங்க?”

ராஜமாணிக்கம் டீயை ஆற்றத் தொடங்கினார். ஆற்றிக்கொண்டே இருந்தார். “அவரு போயிட்டாரும்மா,” என்றார். அடுத்த ஆளுக்கு டம்ளரை நீட்டினார்.

அன்று மாலை மெர்சி தன் வீட்டு வாசலில், ரோட்டு ஓரத்தில் நின்றாள். தனக்குத் தெரிந்த தெலுங்கு அவ்வளவுதான் என்பதால் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள்.

“நைனா, ரா!”

கேட்டருகே சோடாவின் காதுகள் நிமிர்ந்தன.

அது அவளைப் பார்க்கவில்லை. தன் பக்கத்தில், மேலே, ஒரு மனிதனின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தது. வாலை ஆட்டியது. பிறகு எழுந்து நடந்துவந்தது. ஓடவில்லை, வயசானவரோடு நடக்கிற மாதிரி மெதுவாக, நின்று நின்று நடந்தது.

நடு ரோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

ஒரு டேங்கர் லாரி ஹாரனை அலறவிட்டபடி வளைந்து போனது. மெர்சி பதறி ஓடிப்போய் நாயின் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தாள். படபடப்பு அடங்கிய பிறகு சந்தோஷமும் வந்தது. முதன்முதலாகக் கூப்பிட்ட குரலுக்குக் கேட்டை விட்டு எழுந்து வந்திருக்கிறதே. பாதி வந்தது மீதியும் வராதா என்று நினைத்தாள்.

தினமும் கூப்பிட்டாள். தினமும் வந்தது, நடு ரோட்டில் அதே இடத்தில் நின்றது. அவள் போய் இழுத்து வர வேண்டியிருந்தது. போகப்போக வேறு சில விஷயங்களும் கண்ணில் பட்டன. நாய் நடக்கும்போது அதன் நகச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் வந்தது. தேய்ந்த செருப்பை யாரோ இழுத்து இழுத்து நடக்கிற சத்தம். சுற்றிலும் ஒரு ஆள் இல்லாத நேரத்தில் பீடி நாற்றம் வந்தது. ஒருமுறை நாயை இழுக்கக் குனிந்தபோது, அதன் தலைமேல் முடி படிந்து படிந்து எழுவதைப் பார்த்தாள்.

யாரோ தடவிக்கொடுப்பதுபோல.

காற்றுதான் என்று சொல்லிக்கொண்டாள். காற்று அடிக்கவில்லை.

அடுத்த மாலை அவள் “நைனா, ரா” என்று கூப்பிட்டபோது, அந்த வழியாகப் போன ஷேர் ஆட்டோ ஒன்று சட்டென்று நின்றது. கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் அதிலிருந்து ஏறக்குறைய விழுந்து இறங்கினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

“யார நீ கூப்ட்ற?”

“எங்க நாய,” என்றாள் மெர்சி. “ஏன்?”

“அதும் பேரு ராஜு, அக்கா.” என்றாள் அந்தப் பெண். “நைனான்னா எங்களுக்கு அப்பா. நான் எங்க நைனாவதான் கூப்டுவேன். அவரு எழுந்து வருவாரு. அவரு கூட ராஜு வரும்.”

அவள் பெயர் ரமணம்மா. பெஞ்சலய்யாவின் மகள். மெர்சி அவளை உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை. ரோட்டோரமாகவே நின்று, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அன்னிக்கு எனக்கு ஷிஃப்ட்டுக்கு லேட்டாச்சு. ‘நைனா, சீக்கிரம் ரா, ரா’ன்னு கத்தினேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். லாரி சத்தம் கேக்கல. என் கொரல் மட்டும் கேட்டுச்சு.” நடு ரோட்டைப் பார்க்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள். “அந்த எடம். சோறு கையில சூடா இருந்துச்சு.”

சோடா அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தது.

 மெர்சி ஓடிப்போய் நாயை இழுத்து வந்தாள். இந்த முறை கை அதன் கழுத்தைத் தொடவே பயந்தது.

“இனிமே அந்த வார்த்தை வாணாம்க்கா,” என்றாள் ரமணம்மா கிளம்பும்போது. “கூப்ட்டா அவருக்கு வராம இருக்கத் தெரியாது. இந்தப் பக்கம் வந்து சேந்துட்டாருன்னா, திரும்பிப் போவ அவருக்கு எந்த ஊடு இருக்கு?”

மெர்சி சத்தியம் செய்யாத குறைதான். அன்றிலிருந்து சாயங்காலமானால் நாயைக் கொல்லையில் கட்டிவைத்தாள். ராஜு என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நாய் திரும்பிப் பார்த்தது, பிறகு கயிற்றை இழுத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து முனகியது. அன்புவிடம் சொன்னபோது, “ஜெபம் பண்ணிக்கினு படு,” என்று சிரித்தான். ஆனால் அவனும் அதன்பிறகு அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் டூட்டிக்குப் போனான்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. அன்பு அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தான். மெர்சி கொல்லைப்பக்கம் போனபோது கயிறு மட்டும் கிடந்தது. முனை மெல்லப்பட்டு ஈரமாக இருந்தது.

வாசலுக்கு ஓடினாள்.

சோடா நடு ரோட்டில் உட்கார்ந்திருந்தது. மழையில் நனைந்தபடி, மேலே பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மழைத்துளிகள் தரையில் விழவில்லை.

“சோடா! வா!”

அசையவில்லை.

“ராஜு! டேய் ராஜு!”

காது மட்டும் அசைந்தது.

ஹைவே பக்கத்திலிருந்து வளைவில் ஒரு டிப்பர் லாரி திரும்பியது. மழைத் திரையில் அதன் வெளிச்சம் மஞ்சளாகக் கலங்கித் தெரிந்தது. வேகம் குறையவில்லை. டிரைவருக்கு நாய் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. மெர்சி ரோட்டில் இறங்கினாள், சேறு வழுக்கி முழங்காலில் விழுந்தாள். ஓடிப்போய் இழுக்க இனி நேரமில்லை என்பது விழுந்த இடத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளிடம் மிச்சமிருந்தது ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் யார் வருவார் என்பதும் தெரியும்.

இந்த நாயை இழக்க அவளால் முடியாது. அவ்வளவுதான் விஷயம். நல்லது கெட்டது பார்க்கிற நிலையில் அவள் இல்லை.

“நைனா!” என்று அலறினாள். “சீக்கிரம் ரா! ரா, நைனா!”

நாய் எழுந்தது. இந்த முறை நிற்கவில்லை. யாரோ கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவருவதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது. அதன் வால் நுனியை உரசுகிற மாதிரி டிப்பர் கடந்து போனது. சேற்றுத் தண்ணீர் மெர்சியின் முகத்தில் அறைந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நாயைக் கட்டிக்கொள்ளக் கையை விரித்தாள். சோடா அவளைத் தாண்டிப் போனது. தேய்ந்த செருப்புச் சத்தம் அவள் தோளுக்குப் பக்கத்தில் சரக், சரக் என்று கடந்தது. நனைந்த காக்கித் துணியின் வாடையும் பீடி நாற்றமும் அதோடு சேர்ந்து போயின.

வாசற்படியில் செருப்பைக் கழற்றிவைக்கிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

அதற்கப்புறம் சோடா ஒருநாள்கூடத் தானாக ரோட்டைக் கடக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தது. பாதி பெயர் சொல்வதற்குள் காலடியில் வந்து நின்றது. “சொன்ன பேச்சு கேக்குது பார்றா! கெட்டிக்காரிதான் நீ,” என்று அன்பு மெச்சிக்கொண்டான். வீட்டுக்குள் பீடி பிடித்தது யார் என்று மட்டும் இரண்டு தடவை கேட்டான். மெர்சி அடுப்படிக்குப் போய்விட்டாள். நாய் உயிரோடு இருக்கிறது, அது போதும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

ஆனால் அன்பு இல்லாத சாயங்காலங்களில் வீட்டுக்குள் தனியாக இருக்க அவளால் முடியவில்லை. வீட்டைப் பூட்டி, துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாயோடு ரோட்டைக் கடந்து, ராஜமாணிக்கத்தின் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கே ரேடியோ பாடும், நாலு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள், மனசுக்குத் தெம்பாக இருக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், வெளிச்சம் மங்குகிற நேரம். டீ டம்ளர் கையில் சூடாக இருந்தது. கடையில் யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எதிர்ப்பக்கம், பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. வயசான ஆணின் குரல். அதட்டல் இல்லை, அவ்வளவு பிரியமாக இருந்தது.

“ராம்மா.”

சோடாவின் காதுகள் நிமிர்ந்தன. மற்றவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

“சோறு ஆறிப்போதும்மா. ரா.”

டம்ளர் எப்போது கீழே விழுந்தது என்று மெர்சிக்குத் தெரியாது. எழுந்ததும் தெரியாது. காலுக்கடியில் மண் போய்த் தார் வந்திருந்தது. பின்னால் சோடா அவள் துப்பட்டாவைப் பல்லால் கவ்வி, நாலு காலையும் ஊன்றி இழுத்தது. ஊளையிடவும் முடியாமல் மூக்கால் அழுதது. ராஜமாணிக்கம் ஏதோ கத்தினார். “மெர்சி! லாரிம்மா! மெர்சி!” அந்தப் பெயர் வேறு யாருடையதோபோல் தூரத்தில் கேட்டது.

துப்பட்டா நழுவி நாயின் வாயிலேயே தங்கிவிட்டது.

“வஸ்தன்னா நைனா,” என்றாள் அவள், நடந்துகொண்டே. இதோ வருகிறேன் அப்பா என்று அதற்கு அர்த்தம். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.