ஒரு சுண்டு போதும்

இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த கணவன் குளித்துவிட்டு, திரையை இழுத்து மூடிப் படுத்தான். அச்சகத்து மை வாடை குளித்தும் போகவில்லை.

"நாளைக்கு மூச்சு நிக்காம காத்து ஊதுற மாஸ்க் மெஷின் வந்துடும். அப்புறம் நீ காவல் இருக்க வேணாம்" என்றவன், அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டான்.

தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்று நின்று வரும். அதனால் மனைவி அவன் மெத்தைக்கடியில் குழந்தையின் மூச்சு மானிட்டர் தட்டை வைத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கட்டிலோரம் இருக்கும் அதன் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கும். மூச்சு நின்றால் அலறும். குறைமாதக் குழந்தைக்காக வாங்கியது. குழந்தை போன பிறகு, தூக்கிப் போடாதே, யாருக்காவது உதவும் என்று சொன்னது அவன்தான். கடைசியில் அவனுக்கே உதவியது.

குழந்தைக்கு மூச்சு நின்றால் உள்ளங்காலில் விரலால் சுண்டச் சொல்லிக்கொடுத்தது வார்டு நர்ஸ். "பயப்படாதீங்கம்மா, ஒரு சுண்டு போதும்." ஒரு நாள் அது போதவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. கணவனுக்கும் அதே வைத்தியத்தைத்தான் செய்துவந்தாள்.

குறட்டை நின்றது.

விளக்கு நிற்கவில்லை.

வேகவேகமாக, குட்டிக் குட்டியாக மினுக்கியது. அலாரம் அலறவில்லை. அறையில் பால் வாடை எழுந்தது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவன் மூச்சு நிற்கும் இடைவெளியில் அது வரும். சுண்டி அவனை எழுப்பினால் போய்விடும். மாஸ்க் வந்துவிட்டால் இடைவெளியே இருக்காது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தவள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இரு, கண்ணு" என்று கிசுகிசுத்தாள்.

கணவனின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. பார்த்தாள். செய்வது தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் கை எழவில்லை.

அவன் கால் வெடுக்கென்று துள்ளியது. வாயைப் பிளந்து காற்றை இழுத்தான்.

"மெதுவா சுண்டேன்" என்று கண் திறக்காமலே முனகினான். "நகம் குத்துது."

அவள் கை மடியிலேயே இருந்தது. நகத்தையெல்லாம் அவள் கடித்துத் தீர்த்து மாதங்களாகிவிட்டன.

விளக்கு பழையபடி நிதானமாக, அவன் மூச்சுக்கு மினுக்கியது. பால் வாடை மட்டும் குறையவில்லை. அது போய்விட்டதா, இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் கேட்டாள். அடக்கியதை மறந்தும்போனாள். திரும்ப விட வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

தொங்கிக்கொண்டிருந்த அவள் உள்ளங்காலில் ஒரு சுண்டு விழுந்தது.